சருலி பாயின்ட்

கீம்சிங் கையை எடுத்த பிறகும் ஜீப்பின் கதவு இன்னொரு முறை அதிர்ந்தது.

கதை முடிந்திருந்தது. பயணிகள் பயந்ததை மறைக்கச் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவன் உள்ளங்கை அந்தரத்தில் நிற்க, தகரத்துக்குள்ளிருந்து தும் என்று ஓர் அடி. வேறு யாரும் கவனிக்கவில்லை. அவன் கதவைத் தொட்டுப் பார்த்தான். மூடுபனியின் ஈரம் படிந்து சில்லிட்டிருந்த தகரம், வெட்டுவதற்குப் பிடித்து நிறுத்திய ஆட்டின் வயிறு போல உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. என்ஜின் சூடு ஆறுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவர்களை அடுத்த ஏரிக்குக் கூட்டிப்போனான்.

நைனிதாலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு மலை மட்டும் போதாது. அந்த மலையில் யாராவது செத்திருக்க வேண்டும். பெயர் பெற்ற இடங்களிலெல்லாம் வண்டி நிறுத்த இடமில்லாமல் போன ஒரு சீசனில், முக்தேஷ்வர் சாலையில் ஆளில்லாத ஒரு வளைவில் கீம்சிங் தானே ஒருத்தியைக் கொன்றான். சருலி என்று பெயர் வைத்தான். சந்தேகப் புத்திக்காரப் புருஷன் அவளை இங்கே கூட்டிவந்து, கத்தல் ஊர்வரை கேட்காதபடி முதலில் இரும்புக் கம்பியால் தாடையை உடைத்தான், பிறகு முழங்கால், பள்ளத்தில் தள்ளியபோது அவள் புல்லைப் பிடித்துத் தொங்கினாள், விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கினான். இந்த இடத்தில் புதுப்பெண்கள் கணவன் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்று சீசனில் அது சருலி பாயின்ட் ஆகிவிட்டது. கம்பிக்குப் பதில் சீட்டுக்கடியிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துக் காட்டுவான். புருஷன் பேசும்போது அடித்தொண்டையில் ஒரு குரல் வைத்திருந்தான். கதை முழுக்க இடது கையால் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான்.

அந்தத் தாளம்தான் அவனுடையதல்ல. அவன் சித்தப்பா, ஆவியை அழைக்கும் ஜாகர் சடங்கில் உடுக்கை வாசிப்பவர். செத்தவர் யாராவது ஒரு வீட்டை விடாமல் வாட்டினால் அவரைக் கூப்பிடுவார்கள். உடுக்கையைத் தட்டிச் செத்தவரின் கதையை முதலிலிருந்து சொல்வார். சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர்மேல் ஆவி இறங்கி ஆடும். யார் நீ, என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அது வாய் திறந்து பதில் சொன்னால், கேட்டதைக் கொடுத்து, வேறொரு பாட்டுப் பாடித் திருப்பி அனுப்புவார்கள். சிறுவயதில் கீம்சிங் அந்தப் பாட்டு வருவதற்கு முன்பே தூங்கிப்போவான்.

வளைவில் டீக்கடை வைத்திருந்த பசந்திக்கு அவனால் வியாபாரம்தான். ஆனாலும் அவள் வாய் சும்மா இருக்காது.

"டேய் கீமா, கதை சொல்லு, வேண்டாங்கல. அந்தத் தாளத்த விட்டுட்டுச் சொல்லு."

"தாளம் இல்லாட்டி எவன் பயப்படுவான், அக்கா? செத்தவ ஒருத்தி இருந்தாத்தானே இறங்குறதுக்கு? அவ என் மண்டைக்குள்ள பொறந்தவ."

"மூணு வருஷமா தினம் கூப்பிடுற. இல்லாதவளும் எழுந்து வருவா. சரி, அவளுக்குப் பேர் வெச்ச. கொன்னவனுக்கு?"

"அவனுக்கு எதுக்குப் பேரு? குரல் போதும்."

கதவு தானாக அதிர்ந்த மறுநாளிலிருந்து அவன் அந்த வளைவில் நிற்கவில்லை. நான்கு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள் வண்டியில் ஹன்சி இருந்தாள்.

ஊர் உலகத்துக்கெல்லாம் மலையைச் சுற்றிக் காட்டுகிறவன் கட்டிய மனைவி, கல்யாணமாகி ஆறு வருஷமாகக் கிராமத்து வீட்டிலேயே கிடக்கிறாள், ஓர் ஏரியைக்கூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்லியே அவனைக் குத்துவாள். அன்று லக்னோவிலிருந்து வந்த ஒரு புதுஜோடி மட்டுமே பயணிகள் என்பதால் முன்சீட்டில் அவளை ஏற்றிக்கொண்டான். புதுச் சால்வையும் கண்ணில் மையுமாக அவள் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. வெள்ளரிக்காயைக் கீறி, மிளகாயும் கொத்தமல்லியும் சேர்த்து அரைத்த பச்சை உப்புத் தடவி, ஓட்டிக்கொண்டிருந்தவன் வாயில் வைத்தாள். இவளை இத்தனை நாள் வீட்டில் வைத்துப் பூட்டியிருந்தோமே என்று நினைத்துக்கொண்டான். பத்திரமாகக் கூட்டிப்போய்ப் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும், அன்று அவனுக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான்.

மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. வளைவை வேகமாகக் கடந்தபோது பின்னாலிருந்து மாப்பிள்ளை தோளைத் தட்டினான்.

"அண்ணா, சருலி பாயின்ட் இதுதானே? போன்ல பாத்துட்டு, அந்தக் கதைக்காகத்தான் உங்க வண்டியே பிடிச்சோம்."

"பனியா இருக்கு, சார். ஒண்ணும் தெரியாது."

"கதைதானே அண்ணா, காதால கேக்கறதுதானே?" என்றாள் அந்தப் பெண்.

ஹன்சி அவன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்களேன். ஊரே கேட்டாச்சு, பொண்டாட்டி கேக்கல."

அவன் வண்டியை நிறுத்தினான்.

எல்லோரும் இறங்கினார்கள். பள்ளத்திலிருந்து பனி புகை போல ஏறி வந்து தேவதாருக்களை இடுப்புவரை தின்றிருந்தது. ஈரப் புல்லின் வாசனை, டீக்கடை விறகின் வாசனை, அவற்றுக்கடியில் இறைச்சிக்கடைப் பலகையைக் கழுவிய தண்ணீரின் வாசனை. அவன் கதவில் கை வைத்ததும் பசந்தி அடுப்பில் தண்ணீரைக் கொட்டினாள். "நான் இங்க நிக்கல, சாமி," என்று சொல்லிவிட்டு மேல்பாதையில் ஏறி மறைந்தாள். மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்தான்.

சீக்கிரம் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தான். ஆனால் தாளம் அவன் அவசரத்துக்கு வரவில்லை. கை மெதுவாகத்தான் விழுந்தது. தும். தும். அவன் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் உள்ளேயிருந்து ஓர் அடி பதில் சொன்னது. கண்ணை ஹன்சியைவிட்டு எடுக்கவில்லை. சருலி வந்தால் பெண்ணின்மேல்தான் வருவாள். ஹன்சியின் தோள் நடுங்கியது. சால்வை சரிந்தது. பனியில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சித்தப்பாவின் எதிரே ஆடத் தொடங்கும் பெண்களுக்கும் முதலில் தோள்தான் நடுங்கும். அவளைத் தொடாதே, அவளைத் தொடாதே என்று அவன் மனம் யாரையோ கெஞ்சியது. வாய் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

விரல்களை நசுக்கும் இடம் வந்து போயிற்று. கதை முடிந்தது.

"பயந்தே போயிட்டேன்," என்று ஹன்சி சிரித்தாள். பற்கள் குளிரில் தந்தியடித்தன. "இப்படியெல்லாம் யோசிக்க எங்கிருந்துங்க வருது உங்களுக்கு? போலாம், குளிருது."

அவள் அவளாகத்தான் இருந்தாள். அதே கண். அதே கேலி. அவனுக்கு நிம்மதி. வண்டியில் ஏறு ஹன்சி, என்று சொல்ல வாய் திறந்தான்.

"எங்கடி போற?"

அடித்தொண்டையிலிருந்து வந்தது. கதைக்காக வைத்திருந்த குரல். தொண்டையைச் செருமினான். உமிழ்நீரை விழுங்கினான். "எவனப் பாக்கப் போற?" என்றது குரல்.

மாப்பிள்ளை சிரித்தான். "சூப்பர், அண்ணா!"

ஹன்சி சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். பக்கத்தில் வந்தாள். "என்னாச்சு? ஏன் இப்படி வேர்த்திருக்கு, காய்ச்சலா?" என்று அவன் நெற்றியில் கை வைத்தாள். அந்த விரல்களில் வெள்ளரிக்காய் வாசனை.

ஓடு, என்று கத்தினான். உள்ளே கத்தினான். வெளியே எதுவும் வரவில்லை.

வலது கையில் ஸ்பானர் இருந்தது. அது எழும்பியது.

முதலில் தாடை.

சுள்ளி முறிவது போன்ற சத்தம். அவள் முகத்தில் வலிகூட இல்லை, ஆச்சரியம்தான். அவனையே பார்த்தபடி மடங்கினாள். பிறகு முழங்கால். அவன் சொல்லியிருந்த வரிசை அதுதான். லக்னோப் பெண் அலறினாள். குறுக்கே பாய்ந்த மாப்பிள்ளையின் மணிக்கட்டில் ஸ்பானர் இறங்கியது, எலும்பு சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அந்தப் பெண் அவனை இழுத்துக்கொண்டு சாலையில் ஓடினாள். பனி இருவரையும் மூடியது. ஹன்சி புல்லில் ஊர்ந்தாள். பள்ளத்தின் விளிம்பில் புல்லைப் பிடித்தாள். அந்த விரல்கள். ஒவ்வொன்றாக. அவன் ஒவ்வொன்றையும் பார்த்தான். கண்ணை மூட அவனுக்கு அனுமதி இல்லை.

பிறகு அது அவனைவிட்டுப் போயிற்று.

ஸ்பானர் கீழே விழுந்தது. "ஹன்சி," என்றான். அவனுடைய குரல். கண் திறந்தபடி கிடந்தாள். மூச்சில்லை. மையும் ரத்தமும் கலந்து காதுவரை வழிந்திருந்தது. தன் உயிரே அங்கே கிடப்பதாக அவனுக்குத் தோன்றியது. ஓடிப்போய் மடியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நகர முடியவில்லை. எப்போது கதவருகே திரும்பி வந்தான் என்று தெரியவில்லை. இடது கை அடித்துக்கொண்டிருந்தது.

தும். தும்.

வலது கையால் அதைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கடித்தான். சதை பிய்ந்து உப்பாக வாயில் நிறைந்தது. கை அடித்தது.

தும்.

ஹன்சியின் தோள் நடுங்கியது.

உயிர் இருக்கிறது என்று ஒரு கணம் அவன் அழுதான். பிறகு தலை. இடமும் வலமுமாக உருண்டது. முடி அவிழ்ந்து புல்லில் சுழன்றது. உடைந்த முழங்கால்களை ஊன்றி, பின்பக்கமாக மடிந்த கால்களின்மேல், அவள் எழுந்தாள். தாளம் தப்பாமல் ஆடினாள்.

"யார் நீ?" என்று அவன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். "உனக்கு என்ன வேணும்? சொல்லு, என்ன வேணும்னாலும் தரேன். சொல்லு!"

அவள் பதில் சொல்லத்தான் முயன்றாள். தாடை மார்பில் தொங்கியது. நாக்கு மட்டும் அசைந்தது.

தும்.

ஓர் அடி முன்னால் வந்தாள்.

தும்.