வெர்னா அத்தையின் பங்கு

கெண்டியின் மூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு பச்சை நிறத்தில் இருந்தது.

பிரிட்டா கையிலிருந்த பட்டியலை மறுபடி பார்த்தாள். சிவப்பு அவளுக்கு. மஞ்சள் தம்பி லெய்ஃபுக்கு. நீலம் தேவாலய விற்பனைக்கு. அமெரிக்காவின் துலூத் நகரில் சாவு விழுந்த வீடுகளில் இப்படித்தான், சண்டை வராமல் இருக்க, தங்களுக்கு வேண்டிய சாமானில் அவரவர் நிறத்தை ஒட்டிக்கொள்வார்கள். பச்சை யாருக்கும் இல்லை.

வெர்னா அத்தை தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அவளிடம்தான் விட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் எழுதி, விடுபட்டது எதுவுமில்லை என்று சத்தியம் செய்து கோர்ட்டில் கொடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு அறையையும் மூன்று முறை பார்த்தாள். மூன்றாவது முறையும் தன்மேல் நம்பிக்கை வரவில்லை. ஆனால் காலையில் இந்தக் கெண்டியை எழுதியபோது அதில் பொட்டு எதுவும் இல்லை. அது நிச்சயம்.

"லெய்ஃப்! டேய், இது உன் வேலைதானே?"

நிலவறைப் படியேறி வந்தவன் பொட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"பச்சையா? அது அத்தையோடதுக்கா. பாக்கெட்ல நாலு கலர் இருந்துச்சு, ஒண்ணு மிச்சம். சவப்பெட்டியை மூடறதுக்கு முன்னாடி அந்தப் பச்சைப் பொட்டுத் தாளை அத்தை கைக்குள்ள வச்சுட்டேன். 'உங்க பங்கையும் எடுத்துக்கோங்க அத்தை'ன்னு சொல்லி."

"அறிவிருக்கா உனக்கு?"

"விளையாட்டுக்குத்தான். இது வேற பாக்கெட்டா இருக்கும், சர்ச்சுக்காரங்க யாராவது ஒட்டிருப்பாங்க. நீ போய் உன் கரண்டிய எண்ணு மகாராணி. ஒண்ணு குறைஞ்சா ஜட்ஜ் உன்னைத் தூக்குல போட்டுடுவாரு."

சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனான். அங்கே பெட்டி கட்டும் வேலை பாதியில் இருந்தது.

மணி நான்குகூட ஆகவில்லை. அதற்குள் டிசம்பர் வெளிச்சம் ஜன்னலில் சாம்பலாய் நீர்த்துக்கொண்டிருந்தது, ஏரியிலிருந்து வந்த காற்று பனித்தூளை வாரிக் கண்ணாடியில் தேய்த்தது, நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் முனகுவது தரைப்பலகை வழியாக உள்ளங்கால்வரை வந்தது. பொட்டை உரித்து முகர்ந்தாள். ஈர மண் வாசனை. அத்தையைப் புதைத்த அன்று அவள் காலணியில் அப்பியிருந்த மண்.

பட்டியலில் பச்சைக்கு ஒரு புதிய வரிசை போட்டாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அலமாரியைத் திறந்தாள். தட்டுகளில் பச்சை. கோப்பைகளில் பச்சை. பிறகு கரண்டிகள், முட்கரண்டிகள், ஒரு மேசை, நாற்காலிகள், தலையணைகள், கம்பளிகள், துண்டுகள். எழுத எழுதத்தான் உறைத்தது. கெண்டியும் மேசையும் தவிர எல்லாமே இரண்டிரண்டு. நாற்பது வருடம் ஒற்றைத் தட்டில் சாப்பிட்டு, ஒற்றைத் தலையணையில் படுத்தவர் அத்தை.

இரண்டாவது யாருக்கு?

ஆஸ்பத்திரியில் அத்தை கடைசியாகப் பேசியது நினைவுக்கு வந்தது. "லெய்ஃபை என்கூட இருக்கச் சொல்லும்மா. கீழ்ரூம் சும்மாதானே கெடக்கு." வலியில் உளறுகிறார் என்று அவள் தலையாட்டியிருந்தாள். சரி அத்தை, என்றுகூடச் சொல்லியிருந்தாள்.

வாசலில் அத்தையின் கம்பளிக் கோட்டுக் காலரில் ஒரு பொட்டு. பக்கத்தில் லெய்ஃப் மதியம் மாட்டிய ஜாக்கெட்டின் காலரிலும் ஒன்று. கீழே, பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்த அவனுடைய பூட்ஸில், இடதில் ஒன்று, வலதில் ஒன்று.

பச்சைப் பொட்டுகளை எல்லாம் எண்ணினாள். இருபத்திரண்டு. தன் சிவப்புப் பொட்டுத் தாளை எடுத்து, உரித்த இடங்களையும் சேர்த்து எண்ணினாள். ஒரு தாளுக்கு இருபத்துநான்கு பொட்டு.

இன்னும் இரண்டு.

"லெய்ஃப், மேல வா. இப்பவே கிளம்பலாம்."

அவன் பூட்ஸைக் கையில் எடுத்தாள், உடனே கீழே போட்டாள்.

"பூட்ஸ் வேணாம். அப்படியே வாடா. விளையாடாத."

கொதிகலன் நின்றது. அந்த முனகல் இல்லாத வீட்டைப் பிரிட்டா இதற்குமுன் கேட்டதே இல்லை. கீழே ஒரு கட்டில் கிறீச்சிட்டது. லெய்ஃப் சிரிக்கத் தொடங்கினான். பாதியில் நிறுத்தினான்.

வாசற்கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் நிலவறைக் கதவைத் திறந்தாள். படி. இன்னொரு படி. மண் வாசனை. குளிர். விளக்கின் கயிற்றைத் தேடி இழுத்தாள்.

லெய்ஃப் கீழறைக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். முதுகு நேராக. கைகள் முழங்காலில். கண்கள் மூடியிருந்தன.

ஒவ்வொரு இமையிலும் ஒரு பச்சைப் பொட்டு.

அவனுக்கு அருகே, யாருமில்லாத இடத்தில், மெத்தை மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தது.