புங்கமரத்தடியில்

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் விடிந்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, முந்தின நாள் வியர்வையை வாசலில் வைப்பது. உடலோடு ஒட்டிய உள்ளுடுப்பு வியர்வையை உறிஞ்சி ஒரு பையில் சேர்த்துவிடும். ஆறு மணிக்கு வடிநீர் வண்டி தானாக உருண்டு வந்து பைகளை எடுத்துப் போகும். வடித்த நீரில் முதல் பங்கு மக்களுக்கு. கடைசி முப்பது லிட்டர் நடுக்கூடத்துப் புங்கமரத்துக்கு.

அந்த முப்பது லிட்டரின் மேல்தான் இப்போது எல்லோருக்கும் கண். மரத்துக்கு நிறுத்திவிட்டால் மாதத்துக்கு ஒரு குளியல் என்பது இரண்டாகும். மூச்சுக்காற்றை இயந்திரமே தருகிறது, மரம் எதற்கு? மாதக் கடைசியில் வாக்கெடுப்பு.

ஓவியர் ரெஜினாவுக்கு இது பொறுக்கவில்லை. கூட்டத்தில் பேசினால் கூச்சல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் வரைந்தாள். நடுக்கூடத்துச் சுவர் முழுக்கப் புங்கமரம் கிளை விரித்து நிற்க, நிழலில் குடியிருப்பின் நூற்றுப்பத்துப் பேரில் நாற்பது பேர். ஒருத்தி வேரில் தலைவைத்துத் தூங்குகிறாள். ஒருவர் உதிர்ந்த பூவைப் பொறுக்குகிறார். தங்களை அந்த நிழலில் பார்த்தால் மனம் மாறுவார்கள் என்று நம்பினாள்.

படத்தை மூடியிருந்த திரையை விலக்கியதும் காற்றழுத்தப் பொறியாளர் கல்யாணராமன் முன்னால் வந்தார்.

"ஏம்மா, சுரங்கத்து ஆளுங்களுக்குப் பின்னாடி என்னை நிறுத்தியிருக்க? உனக்கு யாரு காத்து குடுக்கறா?"

"முன்னே பின்னேன்னு ஒண்ணும் இல்ல சார். நிழல் விழுற இடம் அது."

சுரங்கத் துளையாளர் முத்துப்பேச்சி இடுப்பில் கைவைத்தாள். "எங்களுக்குப் பின்னாடி நின்னா கொறஞ்சா போயிருவீரு? அது கெடக்கட்டும். எங்க வீட்ல ஆறு பேரு, நாலு தலைதான் இருக்கு. மத்த ரெண்டும் செத்தா போச்சு?"

மறுநாளிலிருந்து குடியிருப்பு மன்றத் தலைவர் சிற்றம்பலத்திடம் மனுக்கள் குவிந்தன. படத்தில் இல்லாத எழுபது பேரும் கொடுத்தார்கள். இருந்தவர்களும், பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். யாரோ ரெஜினாவின் கதவில் வியர்வைப் பையை உடைத்து ஊற்றிவிட்டுப் போனார்கள்.

"இடம் பண்ணிக் குடுத்துரும்மா. உன் மரத்துக்கு ஓட்டு வேணும்ல?" என்றார் சிற்றம்பலம்.

"எங்க சார் இடம் இருக்கு?"

"மேல அவ்வளவு பச்சை இருக்கே."

இரண்டு நாள் மறுத்தாள். மூன்றாம் நாள் தூரிகையை எடுத்தாள். இடப்பக்கக் கிளை போன இடத்தில் பொறியாளர் குடும்பம் ஏறியது. உச்சிக் கொம்பில் முத்துப்பேச்சி வீட்டு இருவர். நிஜ மரம் பிழைத்தால் போதும். ஒரு கிளையை அழித்தால் ஐந்து ஓட்டாவது சேரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கடைசியில் அடிமரம் மட்டும் மிஞ்சியது. அந்த இடத்துக்குத் தலைவரே மனுக் கொடுத்திருந்தார். குடியிருப்பில் மனுக் கொடுக்காதது மரம் ஒன்றுதான்.

வாக்கெடுப்பு நாளில் மூன்று மணி நேரம் படத்தைப் பற்றியே சண்டை. தலைவரின் உருவம் பொறியாளரைவிட இரண்டு விரற்கடை உயரமாம். கூட்டம் கலையப்போகும் வேளையில், மரத்துக்கு நீர் நிறுத்தும் தீர்மானத்தைத் தலைவர் அவசரமாக வாசித்தார். கைகள் உயர்ந்தன. ரெஜினாவின் கை மட்டும் மடியில் கிடந்தது.

"உங்களுக்காகத்தானே ஒவ்வொரு கிளையா அழிச்சேன்!" என்று எழுந்து கத்தினாள்.

"அதுக்குத்தான் அன்னைக்கே நன்றி சொல்லியாச்சுல்லா. உக்காரு" என்றாள் முத்துப்பேச்சி, உயர்த்திய கையை இறக்காமல்.

இருபத்தோரு நாளில் மரம் காய்ந்தது. அது நின்ற இடத்தில் குளியலறை வந்தது. அந்த மாதத்தின் இரண்டாவது குளியலை முடித்து ஈரத்தலையோடு வெளியே வந்த கல்யாணராமன், சுவரில் நெருக்கியடித்து நின்ற நூற்றுப்பத்து முகங்களுக்குள் தன் முகத்தைத் தேடிப் பிடித்தார். பொட்டுப் பச்சைகூட இல்லாத அந்தச் சுவரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"இப்பத்தான் படம் இயற்கையா இருக்கு."