கண்ணாடிக்குள் மூன்று கொம்பு

“ஆண் பச்சோந்தி இல்லாம மலையை விட்டு இறங்க மாட்டேன்!” என்று பெனிட்டா அடித்துச் சொல்லிவிட்டாள்.

கென்யாவில் ஞானதுரை அண்ணாச்சி நடத்திய விலங்குப் பூங்காவில் அவள் பராமரிப்பாளர். அங்கே கொம்புப் பச்சோந்திப் பெண் ஒன்று துணையில்லாமல் கிடந்தது. முட்டையிடாமல் குட்டி போடும் இனம். வயதாகிவிட்டது, இந்த வருடம் விட்டால் இனிக் குட்டி போடாது. அரசு அனுமதி ஒரே ஒரு ஆணுக்குத்தான்.

வழிகாட்டி கிமானியோடு நான்கு நாள் ஏறினாள். மழை, சேறு, முள்! ஐந்தாம் நாள் காலை, பள்ளத்தின்மேல் நீண்ட கிளையில் அது நின்றது. மூக்கில் ஒன்று, கண்களுக்கு முன்னே இரண்டு. மூன்று கொம்பு, ஆணேதான்!

“இழுக்காதே அக்கா, கால் ஒடியும். கையை நீட்டு, அதுவா வரும்,” என்றான் கிமானி, முன்பு பூங்காவில் வேலை பார்த்தபோது கற்ற தமிழில்.

கிளையில் தவழ்ந்து கையை நீட்டினாள். அது ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறியது. மளுக்! கிளை முறிந்தது. சறுக்கி விழுந்ததில் அவள் கணுக்கால் உடைந்தது. ஏந்திய கையை மட்டும் தாழ்த்தவில்லை.

கிமானி மலையில் தங்கிவிட, பூங்கா ஆட்கள் அவளை நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வந்த அண்ணாச்சியிடம் பச்சோந்தியைக் கொடுத்தாள்.

“அண்ணாச்சி, வலைக்கூண்டுலதான் வைக்கணும். தண்ணியைக் கிண்ணத்துல வச்சா குடிக்காது. காலையில, சாயங்காலம் இலையில தெளிங்க. சொட்டுச் சொட்டா நக்கிக் குடிக்கும்.”

“நான் பாத்துக்கிடுதேன். நீ காலைப் பாரு புள்ள.”

விழுந்த ஒன்பதாம் நாள் ஊன்றுகோலோடு பூங்காவுக்கு வந்தாள். வாசலில் அவள் படம் போட்ட பேனர், மாலை, கைதட்டல்! நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே அவளுடைய பச்சோந்தி, கண் குழிந்து, பட்டப்பகலில் இமை மூடிக் கிடந்தது. பக்கத்தில் கிண்ணம் நிறையத் தண்ணீர்.

“தெளிச்சா கண்ணாடி மங்கிப்போவுது. வாரவங்களுக்குக் கொம்பு தெரிய வேண்டாமா?” என்றார் அண்ணாச்சி.

மதியத்துக்குள் அது செத்தது. பெனிட்டாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. விளம்பரம் என்றால் அண்ணாச்சி உயிரை விடுவார் என்று தெரிந்தும் அவரிடம் ஒப்படைத்தவள் அவள்தானே!

“விடு புள்ள. அடுத்த வருசம் இன்னொன்னு புடிப்போம்.”

“அடுத்த வருசம் எதுக்கு அண்ணாச்சி? கண்ணாடியில வைக்கவா?”

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பெண் பச்சோந்தியின் வலைக்கூண்டுக்கு நொண்டிப் போனாள். கையால் அள்ளி இலைகளில் தெளித்தாள். அது நாக்கை நீட்டி ஒவ்வொரு சொட்டாகக் குடித்தது. ஆண் தொடாத தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோனது.