சாவி ஆஃபா?

இஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்த பல் டாக்டர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். சுடவில்லை. வெதுவெதுவென்றுதான் இருந்தது. ஆனால் வெதுவெதுப்பாக இருக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. காலை ஆறரை மணி, ஓடுபாதையின் மறுமுனையே தெரியாத அளவுக்குப் பனி, தகரக் கதவைத் தொட்டாலே விரல் மரத்துப்போகும் குளிர். விமானம் நேற்று மதியத்திலிருந்து பூட்டிய கொட்டகைக்குள்தான் நின்றது. இன்னொரு சாவி மெக்கானிக்கிடம் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முன்னால் அந்த மனிதர் எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது.

எண்ணெய் பார்க்க மூடியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். பெட்ரோல் வாசனை, பழைய எண்ணெய் வாசனை, ரப்பர் வாசனை எல்லாம் வழக்கம்போல வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் வந்தது, ஈர இரும்பின் வாசனை. இருபது வருடமாகப் பல் பிடுங்குகிறவருக்கு அது என்ன வாசனை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, இறக்கையைச் சுற்றிக்கொண்டு போய் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

பதிவுப் புத்தகத்தில் மெக்கானிக்கின் கோணல் கையெழுத்தில் 1412.6 என்று இருந்தது. இஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரில் 1412.9.

பழுது பார்த்து விமானத்தை ஒப்படைக்கும்போதே மெக்கானிக் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். "இஞ்சின் பக்கா சார், புது விசிறி, கண்ணுல ஒத்திக்கலாம். இந்த மீட்டர்தான் ஒரு தினுசா இருக்கு. எழுதி வச்சுட்டு வீட்டுக்குப் போறேன், மறுநாள் வந்து பாத்தா மூணு புள்ளி ஏறியிருக்கு. ராத்திரி எலி எடுத்துட்டுப் போகுது போல."

டாக்டரும் ஒப்புக்குச் சிரித்து வைத்தார். ஒரு புள்ளி என்றால் ஆறு நிமிடம். ஒவ்வொரு புள்ளி ஏறும்போதும் மீட்டர் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் போடும். மூன்று புள்ளி என்றால் பதினெட்டு நிமிடம். அந்தக் கணக்கை அவர் அன்றிரவு முழுக்கப் படுக்கையில் புரண்டு புரண்டு போட்டுப் பார்த்தார்.

இந்த விமானத்தில் பாதி அவருடையது, மறுபாதி மச்சானுடையது. மனைவியின் தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அவன் குட்டி. முப்பத்தேழு வயதிலும் குட்டிதான். ஞாயிறு விடிந்தால் மாமனும் மச்சானும் இங்கே வந்து விழுந்து கிடப்பார்கள். தகடு துடைப்பார்கள், டயருக்குக் காற்றடிப்பார்கள், அரைமணி நேரம் பறப்பார்கள், அதைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். டாக்டரின் மனைவி இந்த விமானத்தை "என் சக்களத்தி" என்றுதான் சொல்வாள்.

பதினொரு மாதத்துக்கு முன்னால் இதே போல் ஒரு குளிர்ந்த காலையில் குட்டி விமானத்தின் மூக்குக்கு முன்னால் நின்றான். குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிடும் என்பதால், கிளப்புவதற்கு முன் மூக்கிலுள்ள விசிறியைக் கையால் நாலு சுற்று சுற்றிவிடுவது அவர்கள் வழக்கம். வெளியே நிற்பவர் "சாவி ஆஃபா?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் சாவியைப் பார்த்து "ஆஃப்" என்று சொல்ல வேண்டும். பதில் வராமல் விசிறியைத் தொடக்கூடாது. அன்று விசிறி உதைத்தது. அதன் தகடு குட்டியின் தோளில் இறங்கி விலாவரை பிளந்துகொண்டு போனது.

சாவி ஆன் நிலையில் இருந்தது, விமானத்தில் வேறு யாரும் இல்லை, இறந்தவரின் கவனக்குறைவே காரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். டாக்டர் அப்போது கார் பக்கம் பிளாஸ்க் எடுக்கப் போயிருந்தார். அப்படித்தான் அவர் சொன்னார்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

மனைவியின் செருப்புச் சத்தம் சிமெண்ட் தரையில் வந்தது. சம்பவத்துக்குப் பிறகு அவள் இங்கே கால் வைப்பது இதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று நாலு நாளாகச் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. இறக்கைக்குக் கீழே வந்து நின்று கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா."

விமானத்தின் சாவியை உருவிக் கொடுத்தார். அதை உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டாள்.

"நாலு சுத்து நான் சுத்துறேன். குட்டிதான் எனக்குச் சொல்லிக் குடுத்தான், மறக்கல."

"உனக்கென்ன கிறுக்கா? இந்தக் குளிர்ல..."

"பதினோரு மாசமா தூங்கலைங்க. கண்ண மூடினா அவன்தான் முன்னாடி நிக்குறான். ஏண்டா சாவியப் பாக்கலன்னு தெனமும் செத்தவனத் திட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு தடவை நானே சுத்திப் பாத்துட்டா இந்தப் பயம் விட்டுடும்." மூடிய கையைத் தூக்கிக் காட்டினாள். "இந்தத் தடவ சாவி என் கையில. என்ன ஆகிடப் போகுது?"

அவள் மூக்குப் பக்கம் நடந்தாள். எழுந்திருக்க டாக்டர் தொடையை நகர்த்தினார். அடியில் ஏதோ உறுத்தியது. எடுத்துப் பார்த்தார்.

ஒரு நட்டு. சுண்டுவிரல் நகம் அளவு. ஈரமாக இருந்தது. சிவப்பாக இருந்தது.

அது எங்கே இருக்க வேண்டிய நட்டு என்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்தது. இந்த இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பது பேட்டரி அல்ல, மேக்னெட்டோ என்ற ஒரு சின்ன இயந்திரம். சுற்றினால் அது தானாகப் பொறி தரும். சாவியை அணைத்தால் ஒரு மெல்லிய ஒயர்தான் அதன் வாயை அடைக்கிறது. அந்த ஒயரைப் பிடித்திருக்கும் நட்டு கழன்றால், சாவி எங்கே இருந்தாலும் இஞ்சின் உயிரோடுதான் இருக்கும்.

குட்டி சாவதற்கு ஒரு வாரம் முன்பே, சாவியை அணைத்த பிறகும் இஞ்சின் ஓடியதை டாக்டர் பார்த்திருந்தார். சொன்னால் மெக்கானிக் விமானத்தை இரண்டு வாரம் முடக்கிவிடுவார். அடுத்த ஞாயிறு போய்விடும். ஒரு ஞாயிறுக்காக வாயை மூடிக்கொண்டார். அன்று காலை இதே இருக்கையிலிருந்து "ஆஃப்" என்று சொன்னதும் அவர்தான்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய பாவம். குட்டி தரையில் கிடந்தான். கண் திறந்திருந்தது, உதடு அசைந்தது. டாக்டர் அவனிடம் போகவில்லை. இஞ்சினிடம் போனார். கழன்று கிடந்த நட்டைத் துழாவி எடுத்து, மாட்ட, அது கீழே விழ, ரத்தத்துக்குள் தேடி எடுத்து, மறுபடி மாட்டி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, கையைத் துடைத்து, தன் காலடித் தடத்தையும் துடைத்துவிட்டுப் போனை எடுத்தபோது பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. அத்தனை நேரமும் குட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

இப்போது கண்ணாடிக்கு வெளியே மனைவி. சாவியோடு மூடிய ஒரு கை. இன்னொரு கை தகட்டின் மேல்.

"சாவி ஆஃபா?"

குட்டி கேட்கும் அதே ராகம். அக்காவும் தம்பியும் ஒரே மாதிரிதான் இழுப்பார்கள்.

தொடாதே என்று கத்தினால் போதும். கத்தினால், ஏன் என்பாள். சாவி என் கையில்தானே இருக்கு என்பாள். சாவி இல்லாமலும் இஞ்சின் உதைக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். அன்னைக்கு நீங்க கார் கிட்டதானே இருந்தீங்க என்பாள். வீடு போகும், கிளினிக் போகும், அவளும் போவாள். இவ்வளவையும் யோசிக்க அவருக்கு ஒரு மூச்சு ஆனது. ஒரே ஒரு மூச்சு.

"ஆஃப்."

யாரோ பதில் சொன்னார்கள். அவர் குரல்தான். பின் இருக்கையிலிருந்து வந்ததா, தன் வாயிலிருந்தே வந்ததா?

அவள் தகட்டை இழுத்தாள்.

ஒரே வெடிச் சத்தம். ஒரே ஒரு சுற்று. கண்ணாடி முழுக்கச் சிவப்பு. ஏதோ கனமாகத் தரையில் விழுந்தது. தகரக் கூரை அதிர்ந்து அடங்கியது.

குதித்து இறங்கினார். அவள் மல்லாந்து கிடந்தாள். கழுத்தும் தோளும் சேரும் இடம் திறந்து கிடந்தது. ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது. மூடிய கை தனியாக, ஒரு முழம் தள்ளி, இன்னும் மூடியே கிடந்தது.

கண் திறந்திருந்தது. அவரைப் பார்த்தது.

சட்டையைக் கழற்றிக் காயத்தில் அழுத்த வேண்டும். போன் பண்ண வேண்டும். அவர் டாக்டர், அவருக்குத் தெரியும். ஓடினார். கால் அவளிடம் போகவில்லை.

திறந்து கிடந்த இஞ்சின் கதவுக்கு முன்னால் போய் நின்றார். கை உள்ளே போனது. விரல் ஒயரைத் தேடிப் பிடித்தது. நட்டைப் பொருத்தியது. வழுக்கியது. விழுந்தது. குனிந்தார். ரத்தத்துக்குள் துழாவினார். எடுத்தார்.

"வேண்டாம்," என்று அழுதார். "விட்டுடு குட்டி. அவள நான் பாக்கணும். உங்க அக்காடா."

யாரும் அவரைப் பிடித்திருக்கவில்லை. விரல்கள் அவருடையவைதான். திருகின.

விமானத்துக்குள் 'டிக்' என்றது.

அவள் உதடு அசைந்தது. என்னங்க.

வழுக்கியது. விழுந்தது. குனிந்தார். எடுத்தார். திருகினார்.

'டிக்.'

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் முகத்தையல்ல, அவர் கையை. அது என்ன செய்கிறது என்று பார்த்தாள். புரிந்துகொண்டாள். புரிந்தது அவள் கண்ணில் தெரிந்தது.

அவர் அழுதுகொண்டே திருகினார். மூன்றாவது 'டிக்' இன்னும் வரவில்லை.