ஐயமானியும் மீன் பெயர்களும்

வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளையில் இசைவாணிக்கு வயிற்றுவலி வந்தது. ஐந்து வாரங்களாக அது தவறியதில்லை. பள்ளியின் மருத்துவ அறையில் செவிலியர் அமலோற்பவம் முதலில் பார்த்தது சிறுமியின் முகத்தை அல்ல, தன் மணிக்கட்டிலிருந்த ஐயமானிப் பட்டையை. பச்சை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சட்டம் திருத்தப்பட்டபோது ஆசிரியர், மருத்துவர், செவிலியர் அனைவர் கையிலும் அந்தப் பட்டை ஏறியது. ஒரு குழந்தைக்குக் கொடுமை நேர்கிறதோ என்ற சந்தேகம் அணிந்திருப்பவர் மனத்தில் எழுந்தால், நாடித்துடிப்பிலும் வியர்வையிலும் அதைப் படித்துவிடும். சிவந்து, புகாரைத் தானே அனுப்பிவிடும். இனி எவரும் தெரிந்தும் வாய்மூடி இருக்க இயலாது. ஆனால் மெய்ப்பிக்கப்படாத புகார்கள் மூன்று சேர்ந்தால், குழந்தைகள் இருக்கும் இடத்தில் அவருக்கு வேலை இல்லை. அமலோற்பவத்தின் பெயரில் ஏற்கெனவே இரண்டு.

"இன்னொண்ணு எரிஞ்சுச்சுன்னா கிடங்குல உக்காந்து மாத்திரை எண்ண வேண்டியதுதான், சிஸ்டர்!" சிறுமியைக் கொண்டுவந்து விட்ட பொற்கொடி டீச்சர் சிரித்துக்கொண்டே போனாள். அவளும் சிறுமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அமலோற்பவத்திடம் ஓர் உபாயம் இருந்தது. நெஞ்சு படபடத்தால், துறைமுகத்தில் அப்பா ஏலம்விட்ட மீன்களின் பெயர்களை முணுமுணுப்பாள்: சீலா, பாறை, ஊளி, விளமீன். துடிப்பு அடங்கிவிடும்.

"வாட்டி, ராசாத்தி. ஓமத்தண்ணி தரட்டா?"

"வேண்டாம் சிஸ்டர். சும்மா படுத்துக்கிடுதேன்."

"அப்ப வலி பொய்யா?"

"பொய் இல்ல. உங்க பக்கத்துல இருந்தா போயிரும்."

தலையணையை இழுத்தபோது சிறுமியின் சட்டைக் கை மேலேறியது. முழங்கைக்கு மேல் நான்கு விரல்களின் நீலத் தடம். பட்டை மஞ்சளானது. சீலா, பாறை…

இசைவாணி துள்ளி எழுந்து தன் உள்ளங்கையால் பட்டையைப் பொத்தினாள். "பாக்காதீங்க சிஸ்டர்! மஞ்சளாயிட்டு. ஊளி, விளமீன்… சத்தமா சொல்லுங்க, நானும் சொல்லுதேன்."

"இது ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். பொற்கொடி டீச்சர் பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லுவாங்க. செவப்பாச்சுன்னா உங்கள அனுப்பிருவாங்கள்ல? அதான் நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

கட்டிலுக்கு மேலே அரசின் சுவரொட்டி தொங்கியது. ஒன்பது ஆண்டுகளாகச் சரிந்துவரும் புகார்களின் கோடு. அடியில், 'கொடுமை ஒழிகிறது'. அந்தக் கோட்டை எத்தனை சின்னஞ்சிறு உள்ளங்கைகள் சேர்ந்து கீழே அழுத்தியிருக்கும் என்று அமலோற்பவம் நினைத்தாள்.

பிறகு ஐந்து வாரங்களில் முதன்முறையாக அந்த முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருமை. கடித்துக் கடித்துப் புண்ணான உதடு.

நீலத் தடத்தை மெல்லத் தொட்டாள். "இங்க வலிக்கா, தங்கம்?"

சிறுமி ஆமென்று தலையசைத்தாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா? சாயந்தரம் பெரியப்பா வருவாக" என்றாள்.

சிறுவிரல்களின் இடுக்குகளில் செந்நிறம் கசியத் தொடங்கியது. இசைவாணி பதறி, மற்றொரு கையையும் மேலே வைத்து அழுத்தினாள். "விளமீன், சிஸ்டர்! சொல்லுங்க, விளமீன்!"

அமலோற்பவம் சொல்லவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விலக்கினாள்.

"கைய எடுட்டி, என் செல்லம். அது எரியட்டும்."