நுரைக்காத குப்பி

1998 ஜூலை 14, காலை 9.40. மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பரிசோதனைத் தட்டின் நாற்பது குழிகளில், நோயிருந்தால் மஞ்சளாக்கும் மருந்தை விட்டும், ஒன்றுகூட மஞ்சளாகவில்லை. கட்டாயம் மஞ்சளாக வேண்டிய மாதிரிக் குழிகூட வெறும் தண்ணீராக நின்றது.

“ஆரோ மருந்தை எடுத்துண்டு வெள்ளம் விட்டிருக்கா,” என்றார் உரிமையாளர் வெங்கிடராமன். மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் சாவி குப்பி கழுவும் காளியம்மாளிடம். பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் என்று முடிவாகிவிட்டது.

அதற்குமுன் அனந்தநாராயணனுக்குப் போன் போட்டார்கள். தடயவியலில் ரசாயனம் பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி போனபின் மூன்று வருஷமாக ராங் நம்பர் மட்டுமே வந்த போன் அது. மனிதர் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார், பாவம்!

10.30.

“நேத்து என்ன செஞ்சே?” என்று காளியம்மாளிடம் கேட்டார்.

“ரெண்டு குப்பி கழுவினேன் சாரே. வடிகட்டுறதுக்கு முன்னாடி மருந்து இருந்தது ஒண்ணு. வடிகட்டிப் பிடிச்சது ஒண்ணு.”

“மருந்து குளிர்பெட்டிக்குப் போனது?”

“சின்னக் குப்பிக்கு மாத்தி, அப்புறம்தான்.”

“கழுவறச்சே ஏதாவது வித்தியாசம்?”

“தண்ணி விட்டுக் குலுக்கினா ரெண்டும் நுரைக்கும். நேத்து ரெண்டாவது நுரைக்கவே இல்லை.”

அனந்தநாராயணன் திரும்பினார். “வடிகட்டினது ஆரு?”

“நான்தான். வேற ஆரையும் தொட விடமாட்டேன்,” என்றார் வெங்கிடராமன். மேஜையில் புது வடிதாள் பாக்கெட் பிரிந்து கிடந்தது. “பழசு தீர்ந்துபோச்சு. இதுவும் அதே அளவு, அதே துவாரம்.”

11.45. அனந்தநாராயணன் குப்பைக்கூடையிலிருந்து நேற்றைய வடிதாளை எடுத்து, புதிய தாள் ஒன்றோடு சேர்த்துச் சிவப்புச் சாயத்தில் போட்டார். புரதத்தை மட்டும் பிடிக்கும் சாயம். அலசியதும் புதியது வெளுத்தது. நேற்றையது செக்கச்செவேலென்று நின்றது.

“இந்த மருந்து புரதம், நுரைக்கறது அதுதான். முதல் குப்பி நுரைச்சுது, மருந்து இருந்தது. ரெண்டாவது நுரைக்கலை, அப்பவே இல்லை. குளிர்பெட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே போயாச்சு. சாவிக்கு இதிலே என்ன வேலை? இந்த ஜாதித் தாள் புரதத்தை விடாமப் பிடிச்சுக்கும். நீ துவாரத்தைப் பார்த்தே, தாள் எதிலே பண்ணினதுன்னு பார்க்கலை. வெங்கிடராமா, கள்ளன் நீதான்.”

வெங்கிடராமன் சுவரைப் பார்த்துக்கொண்டு காளியம்மாளிடம், “சரி, நாளைக்கு வந்துடு,” என்றார்.

காளியம்மாள் சாவியை மேஜையில் வைத்தாள். “பதினோரு வருஷம் சாரே. போலீசைக் கூப்பிடறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.” மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

வீடு வந்த அனந்தநாராயணனுக்கு நடந்ததையெல்லாம் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல் ஆசையாக இருந்தது. போனை எடுத்தார். எந்த எண்ணைச் சுழற்றுவதென்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.