பச்சைக் கவுனின் அளவு

பச்சைக் கவுனின் கீழோரம் ஈரமாக இருந்தது.

மதியம் இஸ்திரி போட்டு அவளே தையல் பொம்மைக்கு மாட்டிய கவுன். தரை காய்ந்துதான் கிடந்தது. கூரையில் ஒழுக்கு இல்லை. தொட்ட விரலை முகர்ந்தாள். வெகுகாலம் திறக்காத தொட்டியின் வாடை, பாசியும் துருவும் கலந்து, மூக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

கட்டிலில் அவள் கணவர் கண்ணை மூடிக் கிடந்தார். மாடி ஏற முடியாமல் போனபின் அவருடைய கட்டிலை அவளுடைய தையல் அறையில், வாசலை ஒட்டியே போட்டாயிற்று. லூவி பாடி என்ற வகை மறதிநோய் என்றாள் டாக்டர். "இல்லாத ஆளுங்க தெரிவாங்க. மறுத்துப் பேசாதீங்க. விளக்கு நல்லா எரியட்டும். தொங்குற துணி, தையல் பொம்மை எதுவும் அந்த ரூம்ல வேண்டாம். அவருக்கு ஆளாத் தெரியும்."

ஆளாகத் தெரியும். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொற்களைக் குண்டூசி போலப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம், மாடிப்படியில் இறங்கிப்போன பச்சைக் கவுன்காரியை அவள் பார்த்தாள். ஒருமுறைதான். தையல்காரியின் கண்ணுக்கு அது போதும். தோளும் மார்பும் இடுப்பும் அளவாகவே பதிந்துவிடும். "யாரும் வரல. உனக்குத்தான் அப்படித் தோணுது" என்றார் அவர். விடாமல் கேட்டதற்கு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். வருஷக்கணக்கில் மாத்திரை. நாக்கு தடித்தது, ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்கியது. சொந்தத் தங்கையே தன் குழந்தையை அவள் கையில் கொடுக்கத் தயங்கினாள். கடைசியில் அவளும் நம்பிவிட்டாள், தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று.

இப்போது அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நீ பார்த்தது நிஜம். அவர் நினைவு மொத்தமாக அணைவதற்குள்.

அதனால் பொம்மையை வெளியேற்றவில்லை. அதன் திருகுகளை முடுக்கி அந்தப் பெண்ணின் அளவுக்குக் கொண்டுவந்தாள். பச்சைத் துணி வாங்கித் தைத்து மாட்டினாள். தினமும் சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில், கட்டிலை நோக்கி ஒரு சாண் நகர்த்தினாள். அவர் அலறும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பட்டன் தைத்துக்கொண்டே, இதமாகச் சொன்னாள்: "யாருமில்லீங்க. உங்களுக்குத்தான் அப்படித் தோணுது."

சொல்லச் சொல்லத் தித்தித்தது.

கொஞ்ச நேரம் முன்பு துணி கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி பொம்மையைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன டெய்லரம்மா, உங்க பொம்மை முழுகாம இருக்கா? வயிறு தள்ளியிருக்கே!"

அவளும் சேர்ந்து சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. கவுனின் பட்டன்கள் இழுபட்டு விறைத்து நின்றன. துணிக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தாள். இறுக்கி வைத்த இடுப்புத் திருகுகள் எல்லாம் கழன்றிருந்தன. அவரால் கைத்தாங்கல் இல்லாமல் எழவே முடியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அந்த வயிற்றைச் சுற்றினாள்.

"அளக்கிறியா?"

அவர்தான். நோய்க்கு முந்திய குரல்.

"அஞ்சு மாசம்னு சொன்னா. பொய் சொல்றான்னு நெனச்சேன்."

டேப் பிடித்த கை அப்படியே நின்றது. "அப்போ அவ வந்தாளா?"

"வந்தா. நீ பார்த்தது நிஜம்தான்."

இவ்வளவுதான். இதைக் கேட்டால் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். உள்ளங்காலில் குளிர்தான் ஏறியது.

"அப்புறம் எங்கங்க போனா?"

"போகவே இல்லையே." அவர் தரையைப் பார்த்தார். "பழைய தண்ணித் தொட்டிய மூடி, அதுக்கு மேலதானே உனக்கு இந்த ரூமைக் கட்டிக் குடுத்தேன். எல்லார்கிட்டயும் சொல்லிப் பூரிச்சியே."

தையல் மிஷினின் மிதிகட்டை. அதன் அடியில் தரை. தரைக்கு அடியில் அந்தப் பச்சைக் கவுன்காரி. இத்தனை வருஷமும் மிதித்தது யார்மேல்?

டேப்புக்குள் வயிறு அசைந்தது. ஒரு சின்னக் குதிகால் உதைப்பது போல.

நுனியைப் பிடித்தபடியே வாசல்வரை பின்வாங்கினாள். பொம்மையின் காலடியில் தண்ணீர் கறுப்பாகப் பரவியது.

"விளக்கப் போடு. ஏய், அவ குனியறா. என் பக்கம் குனியறா. விளக்கப் போடு!"

சுவிட்ச் கைக்கெட்டும் தூரம்தான். விரல் அதன்மேல் இருந்தது.

எடுத்துவிட்டாள்.

"யாருமில்லீங்க," என்றாள். "உங்களுக்குத்தான் அப்படித் தோணுது."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள். டேப்பின் நுனி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அது நகர்ந்தது. கதவின் அடியில். உள்ளே. மெல்ல.

காலால் மிதித்து நிறுத்தினாள். மிஷினை மிதித்துப் பழகிய கால். டேப் விறைத்தது. துடித்தது. உள்ளே அவர் குரல் நெரிபட்டது, கட்டில் கால்கள் தரையைப் பிறாண்டின. கதவுக்கடியில் வந்த தண்ணீர் விரல்களை நனைத்தது. அவள் காலை எடுக்கவில்லை.

கதவுக்கு அந்தப்பக்கம், காதருகே, ஒரு பெண்குரல் சொன்னது:

"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்கக்கா."